கையைத் தூக்கினால் ஏறும் சட்டை

அக்டோபர் 7, செவ்வாய்

"நிறைமதி, உன் எடது கைக்கு என்னதான் ஆச்சு?" என்று ஜெயக்கொடி மிஸ் இன்றும் கத்தினார். மைதானம் முழுக்கக் கேட்டது. கபடி ஆடிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டு என் இடது கையைப் பார்த்தார்கள்.

குண்டு எறிதலில் வலது கையைவிட இடது கைதான் முக்கியம். பள்ளி நூலகத்தில் இருக்கும் ஒரே தடகளப் புத்தகத்தை மூன்று முறை எடுத்துப் படித்துவிட்டேன். வலது கை குண்டைக் கழுத்தோடு அணைத்துப் பிடித்திருக்கும். இடது கை முதலில் முன்னால் நீளும். உடம்பு திரும்பும்போது சட்டென்று மடங்கி நெஞ்சருகே நிற்கும். அது நின்றால்தான் வலது பக்கத்து வேகமெல்லாம் குண்டுக்குப் போகும். கதவுக்குக் கீல் எப்படியோ, எறிபவளுக்கு இடது கை அப்படி. எனக்கு இதெல்லாம் தெரியும். தேர்வில் கேட்டால் படம் வரைந்து பாகம் குறிப்பேன்.

ஆனால் எறியும்போது என் இடது கை நெஞ்சருகே நிற்காமல் இடுப்புக்கு இறங்கிவிடுகிறது. அதோடு பாதி வேகமும் போய்விடுகிறது.

நவம்பர் 8 மாவட்டப் போட்டி. எங்கள் பள்ளியிலிருந்து குண்டு எறிதலுக்கு நான் மட்டும்தான். கை சரியாகாவிட்டால் பத்தாம் வகுப்புச் சுபிதாவை அனுப்புவதாக மிஸ் சொல்லிவிட்டார்.

திரும்பி வரும்போது, "குண்டே குண்டு எறியுது டோய்" என்று யாரோ சொன்னார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து இதே நகைச்சுவைதான். இத்தனை வருடத்தில் புதிதாக ஒன்று யோசித்திருக்கலாம்.

இடது கை ஏன் அப்படிப் போகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

அக்டோபர் 9, வியாழன்

பள்ளி விளையாட்டுச் சீருடை வந்தது. இருப்பதிலேயே பெரியதை எனக்குக் கொடுத்தார்கள். தலை நுழைந்தது. தோள் நுழையவில்லை. என் தோழி ஆஃப்ரின் பின்னாலிருந்து இழுத்தாள், நான் முன்னாலிருந்து இழுத்தேன்.

"மூச்சை உள்ள இழுடி."

"இழுத்தாச்சு. இனிமே விட முடியாது."

இருவரும் சிரித்துவிட்டோம். கழற்றுவதற்கு வெகு நேரம் ஆனது. அப்போது சிரிக்கவில்லை.

"உங்க அப்பா டீ-ஷர்ட் ஒண்ணு போட்டுக்கோ. லூசா, ஃப்ரீயா இருக்கும்" என்றார் மிஸ். இதுவரை அதைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று நான் சொல்லவில்லை.

மாலையில் ஆஃப்ரினும் நானும் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கடை கடையாக ஏறி இறங்கினோம். இந்த ஊரில் தெருவுக்குத் தெரு பனியன் கம்பெனி. உலகத்துக்கே சட்டை தைக்கிறோம். "பொண்ணுங்க ஸ்போர்ட்ஸ் டீ-ஷர்ட், பெரிய சைஸ்" என்றால் எல்லாக் கடையிலும் நைட்டியைத்தான் காட்டினார்கள். ஒரு கடையில் 'ஃப்ரீ சைஸ்' என்று ஒன்றை எடுத்துப் போட்டார்கள். அது ஆஃப்ரினுக்குப் பெரிதாகவும் எனக்குச் சிறிதாகவும் இருந்தது. யாருடைய சைஸ் அது?

"யாருக்குங்க? அம்மாவுக்கா?" என்று கேட்டாள் கடைப்பெண்.

"ஆமா" என்றேன்.

அக்டோபர் 11, சனி

மகிழ்ச்சியான நாள், பாதி வரைக்கும்.

அம்மா பனியன் கம்பெனியில் சாம்பிள் டெய்லர். புது ஆர்டர் வரும்போது ஆயிரக்கணக்கில் தைப்பதற்கு முன்னால் மாதிரிச் சட்டையைத் தைப்பது அம்மாதான். இன்று சாப்பிடும்போது அப்பாவிடம் ஒரு புது ஆர்டரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். பெங்களூர்க் கம்பெனி. பெண்கள் உடற்பயிற்சி செய்யப் போடும் உடைகள் மட்டும். பழைய தண்ணீர் பாட்டில்களை அரைத்து, உருக்கி, நூலாக்கி நெய்த துணி. சின்ன சைஸிலிருந்து ஃபோர் எக்ஸெல் வரைக்கும் உண்டாம். அட்டையில் ஆங்கிலத்தில் 'எல்லா உடலுக்கும், ஒரே பூமிக்கு' என்று போட்டிருக்கிறதாம்.

நான் பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றச் செயலாளர். பாட்டில் நூலைப் பற்றிக் காலை வணக்கக் கூட்டத்தில் போன மாதம்தான் பேசினேன். அது எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித் துணியாகிறது என்பது தெரியாமலே பேசியிருக்கிறேன்.

"ஃபோர் எக்ஸெல் ஒண்ணு எடுத்துட்டு வாம்மா. போட்டிக்குப் போட்டுக்கறேன்."

அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டே, "அதெல்லாம் வெளியூருக்குப் போறது கண்ணு" என்றாள்.

"மத்தவங்க எல்லாம் புள்ளைகளுக்கு சாம்பிள் பீஸ் எடுத்துட்டுப் போறாங்கன்னு சொல்வியே."

"சாப்புடு. ரசம் ஆறுது."

ரசம் ஆறவில்லை. ஆவி பறந்துகொண்டிருந்தது.

அக்டோபர் 12, ஞாயிறு

தீபாவளிக்காக வீட்டைச் சுத்தம் செய்தோம். பரணில் ஒட்டடை அடிக்கும்போது பெரிய பிளாஸ்டிக் பை ஒன்று கிடைத்தது. உள்ளே பெண்கள் விளையாட்டுச் சட்டைகள். ரோஜா நிறம், நீலம், சாம்பல். எல்லாம் புதிது. எல்லாம் எம் சைஸ்.

"யாருதும்மா இது?"

"உன்றதுதான்."

"எனக்கு எப்படிம்மா பத்தும்?"

"ஒரு நாளைக்குப் பத்தும். வெச்சிருக்கேன்."

மடித்து, மேலே வைத்துவிட்டேன். பரணில் தூசி அதிகம். கண்ணெல்லாம் எரிந்தது.

அக்டோபர் 15, புதன்

அம்மா ஃபோர் எக்ஸெல் சட்டையைக் கொண்டுவந்தாள்! கேட்காமலே பையிலிருந்து எடுத்துக் கட்டிலில் போட்டாள். "நாளைக்குக் காலையில திருப்பிக் குடுக்கணும். சும்மா போட்டுப் பாரு."

கரும்பச்சை. கையில் எடுத்தால் தண்ணீர் மாதிரி நழுவுகிறது. என்னிடம் இருக்கும் எந்தச் சட்டையும் என் தோளில் உட்கார்ந்ததில்லை. இது உட்கார்ந்தது. கண்ணாடியில் ஒரு விளையாட்டு வீராங்கனை நின்றாள். நான் உண்மையாகவே ஒரு நிமிடம் அசையாமல் நின்றேன்.

பிறகு அசைந்தேன். அங்கேதான் தப்பு.

குண்டைப் பிடிப்பது போல வலது கையைத் தூக்கி, முன்னால் தள்ளினேன். சட்டை மொத்தமும் கையோடு மேலே ஏறி, வயிறு வெளியே தெரிந்தது. என் இடது கை தானாக ஓடிப்போய் விளிம்பைப் பிடித்து இழுத்தது.

கண்ணாடியில் அதைப் பார்த்தேன். சரி, எழுதிவிடுகிறேன். இடது கை ஏன் போகிறது என்று எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். அப்பா சட்டையிலும் இதேதான் நடக்கிறது.

"அம்மா, கையத் தூக்குனா ஏறுது."

அம்மா டேப்பை எடுத்தாள். நான் கையைத் தொங்கப் போட்டு நின்றேன். மார்பு, இடுப்பு, நீளம் எல்லாம் அளந்தாள். "எல்லா அளவும் கரெக்டா இருக்குது. லூசாத்தான இருக்குது, இன்னும் என்ன?"

"நிக்கும்போது சரிதாம்மா. அசைஞ்சா சரியில்ல."

கழற்றி விரித்துப் பார்த்தேன். கை பொருத்தும் வளைவு அக்குளிலிருந்து மிகவும் கீழே, கிட்டத்தட்ட விலா வரை இறங்கியிருந்தது. அங்கே கையும் உடம்பும் ஒரே துணியாகத் தைத்திருக்கிறது. அப்படியானால் கை போகுமிடமெல்லாம் உடம்புத் துணியும் போகத்தானே செய்யும்? வளைவு அக்குளை ஒட்டி மேலே இருந்தால் கை மட்டும் தனியாகப் போகும். ஒரு தாளில் வரைந்து காட்டினேன்.

"பெரிய சைஸுக்கு இந்த ஆம்ஹோல் வளைவைப் பெருசா வெட்டாம? ஒவ்வொரு சைஸுக்கும் இவ்வளவு இறக்கணும்னு கணக்கு இருக்குது. சின்ன வயசுல இருந்து அப்படித்தான் வெட்டறோம். மேல வெச்சா இறுக்கும்."

"இறுக்காதும்மா."

"குண்டா இருக்கறவங்களுக்கு லூசா இருந்தாத்தான் நல்லா இருக்கும். எதுவும் தெரியாது."

எதுவும் தெரியாது என்றால் என்ன தெரியாது என்று நான் கேட்கவில்லை. சட்டையை மடித்து அம்மாவின் பையில் வைத்துவிட்டேன். நாளை வேதியியல் தேர்வு.

அக்டோபர் 22, புதன்

தீபாவளி முடிந்தது. எனக்குச் சுடிதார். லூஸாக.

அக்டோபர் 25, சனி

அம்மா டிபன் பாக்ஸை மறந்துவிட்டுப் போய்விட்டாள். கொண்டுபோய்க் கொடுக்க நான் கிளம்பினேன். கம்பெனிக்குள் இதுவரை போனதில்லை. எப்போதும் கேட்டில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வந்துவிடு என்பாள். இன்று வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருந்தார்.

சாம்பிள் அறையில் சட்டையைப் போட்டுப் பார்க்கும் பொம்மை உண்டு. தலையும் கையும் இல்லாத பெண் உடம்பு. அது எம் சைஸ். அதன்மேல் வேஸ்ட் துணியைச் சுற்றிச் சுற்றி, பழைய பனியன் கிழிசலையெல்லாம் திணித்து, டேப் ஒட்டிப் பெரிதாக்கியிருந்தார்கள். வயிற்றில் ஒரு மூட்டை, பின்னால் ஒரு மூட்டை. அதற்கு அந்தக் கரும்பச்சைச் சட்டையைப் போட்டுவிட்டிருந்தார்கள். கையே இல்லாத உடம்பில் சட்டை அருமையாகப் பொருந்தியிருந்தது.

கம்பெனிக்கும் பெங்களூர்க்காரர்களுக்கும் நடுவில் பேசுகிற லோகேஸ்வரன் அண்ணன் பக்கத்தில் நின்றிருந்தார். "வா பாப்பா. இவங்கதான் எங்க ஃபோர் எக்ஸெல் அக்கா. ரொம்ப நல்லவங்க, எதுவும் பேச மாட்டாங்க. யாரைப் பாக்கணும்?"

அம்மா மெஷினிலிருந்து எழுந்து வந்தாள். "என்ற பொண்ணுங் தம்பி."

அவர் என்னைப் பார்த்தார். பொம்மையைப் பார்த்தார். மறுபடி அம்மாவைப் பார்த்தார்.

"ஏனுங்க்கா, உங்க பொண்ணுக்கு எம் சைஸுன்னுதான எப்பவும் பீஸ் எடுத்துட்டுப் போவீங்க? ரெண்டு வாரமா இந்த ஃபோர் எக்ஸெல்லப் போட்டுப் பாக்க ஆளு கெடைக்கலைன்னு நான் ஊரெல்லாம் அலையறேன்..."

ஓவர்லாக் மெஷின்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன.

டிபன் பாக்ஸை மேசையில் வைத்தேன். டியூஷன் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். சனிக்கிழமை எனக்கு டியூஷன் கிடையாது. வெயில் அதிகமாக இருந்தது. தலைவலி.

அக்டோபர் 27, திங்கள்

இரண்டு நாளாக அம்மாவிடம் பேசவில்லை. அம்மா என் தட்டில் இரண்டாவது முட்டை வைத்தாள். நான் அதை அப்பாவுக்கு மாற்றினேன். "எனக்கு எதுக்கு ரெண்டு பேரு சண்டையில முட்டை?" என்று அப்பா சொன்னார், ஆனால் சாப்பிட்டார்.

பாத்திரம் கழுவும்போது அம்மா தானாகப் பேசினாள். என் முகத்தைப் பார்க்காமல், குழாயைப் பார்த்து.

"வேலைக்குச் சேந்த புதுசுல, உங்க பொண்ணுக்கு என்ன சைஸுன்னு கேட்டாங்க. எம்முன்னு வாயில வந்துருச்சு. ஏன் வந்துச்சுன்னு எனக்கே தெரியல. அப்பறம் மாத்திச் சொல்ல முடியல."

"பொம்மைக்குக் கந்தத் துணிய அடைக்கறீங்க. வீட்டுல நான் இருக்கேன்."

"ஊரான் முன்னாடி உன்னைய நிக்க வெச்சு அளக்கச் சொல்றியா? ஆளுக்கொண்ணு பேசுவாங்க. நான் கேட்டுட்டு நிக்கணுமா?"

"நீ கேக்கறதில்லம்மா. நான்தான் தினமும் கேக்கறேன்."

அம்மா குழாயை மூடினாள். சனிக்கிழமை பெங்களூரிலிருந்து ஆள் வந்து பெரிய சைஸைப் பார்த்து ஒப்புதல் கொடுப்பார்கள் என்று அப்பா மூலம் ஏற்கெனவே தெரியும்.

"நான் வரேன். போட்டுக் காட்டறேன்."

"வேண்டாம்."

"வருவேன்."

அம்மா குழாயைத் திறந்தாள். கழுவிய தட்டையே மறுபடி கழுவினாள்.

நவம்பர் 1, சனி

போனேன். அம்மா தடுக்கவில்லை, கூப்பிடவும் இல்லை. தெருவில் நான்கு அடி முன்னால் நடந்துகொண்டே இருந்தாள்.

வந்திருந்தவர் மேகனா மேடம். சின்ன வயது, நல்ல மனிதர். என்னைப் பார்த்ததும், "வாவ், கடைசியில ஒரு நிஜ ஆள்!" என்றார். அம்மா லோகேஸ்வரன் அண்ணனிடம், "தம்பி, நீங்க வெளிய இருங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

போட்டுக்கொண்டேன். நின்றேன். மேடம் சுற்றி வந்து பார்த்து, "பர்ஃபெக்ட்" என்றார். நான், "இப்பப் பாருங்க மேடம்" என்று சொல்லி, கழுத்தோரம் கையை வைத்து, சறுக்கி, திரும்பி, எறிந்தேன். கையில் குண்டு இல்லை, அவ்வளவுதான். சட்டை ஏறியது. வயிறு தெரிந்தது. இடது கையை வேண்டுமென்றே இழுக்கவிடாமல், அப்படியே நின்றேன். என் வாழ்க்கையில் செய்ததிலேயே கஷ்டமான காரியம் அதுதான். அம்மா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வளைவைப் பற்றிச் சொன்னேன். வரைந்த படத்தைக் காட்டினேன். மேடம் கவனமாகக் கேட்டார். போனில் படம் பிடித்துக்கொண்டார். லோகேஸ்வரன் அண்ணனைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"பெரிய சைஸ் துணியெல்லாம் கட் பண்ணியாச்சுங் மேடம். அளவு ஓகேன்னு சொன்னதால முன்னாடியே வெட்டிட்டோம்."

மேடம் வெளியே போய் நெடுநேரம் ஆங்கிலத்தில் போன் பேசினார். திரும்பி வந்து என் தோளில் கை வைத்தார்.

"யூ ஆர் ரைட்மா. ரொம்ப தேங்க்ஸ். தப்பான ஃபிட்டை விக்கக் கூடாது. இந்த சீசன் டூ எக்ஸெல்லோட நிறுத்திக்கறோம். பெரிய சைஸ் அடுத்த வருஷம் பாக்கலாம்."

"சரி பண்ண முடியாதா மேடம்?"

"டைம் இல்லமா."

நான் சரி செய்யத்தான் சொன்னேன். நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்தச் சொல்லவே இல்லை. வரும் வழியெல்லாம் இதைத்தான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா இப்போதும் முன்னால்தான் நடந்தாள், ஆனால் மெதுவாக.

அட்டையை மாற்றுவார்களா? 'டூ எக்ஸெல் வரை உள்ள எல்லா உடலுக்கும்' என்று?

நவம்பர் 3, திங்கள்

வெட்டிய பெரிய சைஸ் துணியெல்லாம் வேஸ்ட் மூட்டைக்குப் போகிறதாம். இழுவைக்காக ரப்பர் நூல் கலந்த துணி என்பதால் மறுபடி அரைத்து நூலாக்குவதும் கஷ்டமாம். குப்பையிலிருந்து துணியாகி, ஒருவர் உடம்பிலும் ஏறாமல் குப்பைக்கே போகிறது. சுற்றுச்சூழல் மன்றச் செயலாளர் செய்த சேவை இது.

"சாந்தாக்கா பொண்ணு வந்து கையத் தூக்குச்சு, நம்ம வேலை எறங்கிருச்சு" என்று கம்பெனியில் பேசிக்கொள்கிறார்களாம். அம்மா இதை அப்பாவிடம் சொன்னதைக் கேட்டுவிட்டேன். நான் கேட்டது அம்மாவுக்குத் தெரியாது.

பயிற்சியில் இடது கை இடுப்புக்கேதான் போகிறது. புதன்கிழமைக்குள் முடிவு செய்வேன் என்று மிஸ் சொல்லிவிட்டார். சுபிதா ஒல்லி. அவள் இடது கை கச்சிதமாக மடங்குகிறது. அவளுடைய தூரம் என்னைவிடக் குறைவுதான், ஆனால் பார்க்க அழகாக எறிகிறாள். நான் அவளுக்குக் கால் வைப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தேன். வேறு என்ன செய்ய?

நவம்பர் 5, புதன்

மிஸ்ஸிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். சட்டை ஏறுகிறது, அதைப் பிடிக்கத்தான் கை போகிறது என்று. மிஸ் என் சட்டை விளிம்பைப் பிடித்துப் பார்த்தார். பிறகு, "இத மொதல்லயே சொல்றதுக்கு என்னடி?" என்றார். குரல் மட்டும் கோபமாக இருந்தது. பெயரை மாற்றவில்லை.

நவம்பர் 6, வியாழன்

பள்ளிவிட்டு வந்தால், அம்மா அரை நாள் லீவு போட்டுவிட்டு வீட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் ஒரு பை நிறைய வேஸ்ட் துணி. கேட்டு வாங்கி வந்தாளாம்.

"குண்டை எடு" என்றாள்.

"எந்தக் குண்டு?"

"எறியற குண்டுடி. இல்லைன்னா அம்மிக்குழவிய எடுத்துக்க. எப்படி எறிவியோ அப்படி நில்லு."

நின்றேன். அம்மா கீழே உட்கார்ந்து என் அக்குளை அண்ணாந்து பார்த்தாள். வெட்டிக் கிடந்த ஃபோர் எக்ஸெல் துணியைத்தான் இணைத்திருந்தாள். கீழே இறங்கிய வளைவை மேலே ஏற்ற முடியாது, வெட்டியது வெட்டியதுதான். அதனால் அக்குளுக்கு அடியில் பட்டம் போல நாலு மூலைத் துண்டு ஒன்றை வைத்துத் தைத்தாள். முதல் முறை இறுக்கியது. பிரித்தாள். இரண்டாவது முறை பை மாதிரி தொங்கியது. "சனியன்" என்று சொல்லிப் பிரித்தாள். என்னைத் திருப்பினாள், குனிய வைத்தாள், எறிய வைத்தாள். அம்மிக்குழவியோடு நான் ஆடியதைப் பார்த்து அப்பா, "தரை டைல்ஸு பத்திரம்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

நான்காவது முறை கை மட்டும் மேலே போனது. சட்டை இருந்த இடத்திலேயே இருந்தது. அம்மா விளிம்பில் விரலை வைத்துப் பார்த்தாள். மறுபடி எறியச் சொன்னாள். விரல் நகரவில்லை.

"நீ சொன்னது சரிதான்" என்றாள், நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே.

கரும்பச்சைச் சட்டையில் அக்குளில் மட்டும் பளிச்சென்று ஆரஞ்சுத் துண்டு. கையைத் தூக்கினால் தூரத்திலிருந்தே தெரியும். "பச்சைத் துணி கெடைக்கல" என்றாள் அம்மா. பையின் அடியில் பச்சைத் துண்டுகளும் கிடந்தன.

நவம்பர் 8, சனி

போட்டிக்கு அம்மாவும் வந்தாள். வருவதாகச் சொல்லவே இல்லை. பஸ்ஸில் ஏறிப் பார்த்தால் முன் சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள்.

மூன்று வாய்ப்புகள். முதல் எறிதலில் சட்டை ஏறவில்லை. ஆனாலும் இடது கை இடுப்புக்குப் போய்விட்டது! பழக்கம். இழுப்பதற்கு ஒன்றுமில்லாத இடத்தில் போய் இழுத்தது. அழுகையே வந்துவிட்டது. இரண்டாவதில் ஆத்திரத்தில் வட்டத்தைத் தாண்டிவிட்டேன், ஃபவுல்.

மூன்றாவதற்கு முன் மிஸ் ஏதோ கத்தினார், ஆஃப்ரின் ஏதோ கத்தினாள். எனக்கு எதுவும் கேட்கவில்லை. சறுக்கினேன், திரும்பினேன். இடது கை மடங்கி நெஞ்சருகே நின்றது. கதவு அறைந்து சாத்துவது போல. குண்டு போன சத்தமே வேறு மாதிரி இருந்தது.

நான்காவது இடம். முதல் மூன்று பேருக்குத்தான் மாநிலப் போட்டி. முதல் எறிதலையும் இரண்டாவதையும் நினைத்தால் இப்போதும் தலையணையைக் குத்தத் தோன்றுகிறது. அம்மாவுக்கு எத்தனை மீட்டர் என்றுகூடத் தெரியவில்லை. "கக்கத்துல இழுத்துச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

தண்ணீர்க் குழாய்ப் பக்கம் உட்கார்ந்திருந்தபோது, உடுமலைப் பக்கத்துப் பள்ளிப் பெண் ஒருத்தி வந்தாள். அவளும் குண்டு எறிந்தவள்தான், வயதில் சின்னவள், உடம்பில் என்னைவிடப் பெரியவள். ஆண்கள் சட்டையைப் பாவாடை நாடாவால் இடுப்போடு கட்டியிருந்தாள். பேச வந்தவள், என் அம்மாவைப் பார்த்ததும் தயங்கினாள். பிறகு என் கையடியைக் காட்டி, "அக்கா, இந்த மாதிரி எங்க கெடைக்கும்?" என்றாள்.

"எங்கயும் கெடைக்காது" என்றேன். எனக்கு அவ்வளவு எரிச்சல். "இதத் தைக்கறதாத்தான் இருந்தாங்க, நிறுத்திட்டாங்க. கேட்டா அடுத்த வருஷம்ங்கறாங்க."

அவள் தலையாட்டிவிட்டுத் திரும்பினாள்.

"நில்லு கண்ணு" என்றாள் அம்மா. கைப்பையிலிருந்து டேப்பை எடுத்து உதறினாள். மைதானத்தில் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் கூச்சத்தோடு இரண்டு கைகளையும் உடம்போடு ஒட்டி, விறைப்பாக நின்றாள்.

"அப்படியில்ல சாமி" என்றாள் அம்மா. "கையத் தூக்கு."